மழை அளந்த கலத்தின் கடைசிச் சுற்று

(உலக விண்வெளி வாரத்தையொட்டி, 2023 ஒக்டோபர் 8, ஞாயிற்றுக்கிழமை மாலை தெமோதரையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

முன்னால் பாயில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு முதலில் ஒரு வணக்கம். பெரியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், இன்றைய பேச்சில் பாதிக்கு மேல் பிள்ளைகளுக்குத்தான்.

மண்டபத்துக்கு வருமுன் ஸ்டேசனில் கொஞ்ச நேரம் நின்றேன். எல்லப் பக்கமிருந்து ரயில் வந்தது, நின்றது, புறப்பட்டு வளைவில் மறைந்தது. சற்று நேரம் கழித்து, நான் நின்ற இடத்துக்கு நேர் கீழே சுரங்கத்துக்குள் அதே ரயிலின் சத்தம் கேட்டது. இங்கே பிறந்தவர்களுக்கு இது தினமும் நடக்கிற விஷயம். அறுபது வயது ஆன பிறகும் எனக்கு அது பழகவில்லை.

நூறு வருடத்துக்கு முன்னால் பதுளைக்குத் தண்டவாளம் போட்டு வந்தவர்கள் இந்த இடத்தில் திகைத்து நின்றார்களாம். பாதை வந்து சேர்ந்த மேடு ஓர் உயரம், போக வேண்டிய பள்ளம் வேறோர் உயரம். நேராக இறக்கினால் ரயில் தாங்காத சரிவு. அப்போது பக்கத்து மலையில் ஒரு கங்காணி தலைப்பாகையை அவிழ்த்து மறுபடியும் சுற்றிக் கட்டினார். அதைப் பார்த்துத்தான் யோசனை பிறந்தது என்று எங்கள் அப்பாயி சொல்வார். செவிவழிக் கதைதான். ஆனால் பாதை தலைப்பாகையைப் போலவே ஒரு சுற்றுச் சுற்றி, தன் ஸ்டேசனுக்கே அடியில் நுழைந்து போகிறது. 1924இல் ரயில் பதுளையைத் தொட்டது.

இறங்க வேண்டுமானால் சுற்றித்தான் இறங்க வேண்டும். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வருடம் மார்ச் மாதம் 7ஆம் திகதி ஒரு செய்மதி இப்படிச் சுற்றிச் சுற்றி இறங்கித் தன் கதையை முடித்துக்கொண்டது. அதன் பெயர் மேகா-ட்ராபிக்ஸ். பதினொரு வருடத்துக்கு மேலாக, ஒவ்வொரு நாளும், நம் மலைகளைச் சேர்த்து இந்த வெப்பமண்டலம் முழுவதையும் சுற்றி வந்த கலம். அதற்கு இங்கே யாரும் விடைகொடுக்கவில்லை. இன்றைக்கு நான் வந்தது அதற்காகத்தான்.

அமெரிக்காவில் விண்கலத்துக்கு விடைகொடுத்ததை நீங்கள் படத்தில் பார்த்திருக்கலாம். டிஸ்கவரி என்ற விண்வெளி ஓடம் முப்பத்தொன்பது தடவை விண்ணுக்குப் போய் வந்தது. ஹபிள் தொலைநோக்கியை 1990இல் மேலே கொண்டுபோய் வைத்ததும் அதுதான். ஓய்வு பெற்ற பிறகு, 2012 ஏப்ரல் 17 அன்று, அதை ஒரு ஜம்போ விமானத்தின் முதுகில் ஏற்றி வாஷிங்டன் நகரத்துக்கு மேலே தாழப் பறந்து காட்டினார்கள். வேலைக்குப் போனவர்கள் வேலையை விட்டு மொட்டை மாடிகளில் ஏறி நின்று பார்த்தார்கள். இப்போது அது அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிள்ளைகள் போய்ப் பார்க்கலாம்.

ஆனால் பெரும்பாலான கலங்களுக்கு அப்படிப்பட்ட வழியனுப்பு இல்லை. ஆள் ஏறாத செய்மதிகள் போனால் போனதுதான். சில பேச்சு மூச்சில்லாமல் மேலேயே அலையும். சில யாரும் எதிர்பாராத இடத்தில் வந்து விழும்.

விழுவது என்றதும் எனக்கு 1979 ஞாபகம் வருகிறது. எனக்கு அப்போது பதினாறு வயது. ஸ்கைலாப் என்ற அமெரிக்க விண்வெளிக் கூடம், எழுபத்தேழு தொன் எடை, கீழே விழப் போகிறது, எங்கே விழும் என்று யாருக்கும் தெரியாது என்று வானொலி சொன்னது. எங்கள் தோட்டத்து லயத்தில் ஒரே ஒரு ரேடியோதான். அதைச் சுற்றி நின்ற பெரியவர்களின் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அப்பாயி வாசலில் விளக்கு ஏற்றி வைத்துவிட்டு, என்னைக் கூப்பிட்டு, "ஏன்டா, படிச்ச புள்ள, அது கூரைக்கு மேல விழுமா, மலைக்கு மேல விழுமா?" என்று கேட்டார். படித்த பிள்ளைக்குத் தெரியவில்லை. தகரக் கூரைக்குக் கீழே பாயில் படுத்து, அது எந்தப் பக்கம் வரும் என்று இரண்டு இரவு விழித்துக் கிடந்தேன். ஜூலை 11ஆம் திகதி அது உடைந்து இந்து சமுத்திரத்திலும் அவுஸ்திரேலியாவின் மேற்குப் பகுதியில் எஸ்பெரன்ஸ் என்ற ஊரைச் சுற்றியும் சிதறியது. யாருக்கும் அடிபடவில்லை. அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும்.

நம் கடலிலும் ஒன்று விழுந்தது. 2015 நவம்பர் 13, வெள்ளிக்கிழமை. அதற்கு முந்திய மாதம்தான் அமெரிக்காவின் அரிசோனாவில் வானத்தைத் துழாவுகிறவர்கள் அதைக் கண்டுபிடித்தார்கள். நீளம் ஒன்றிரண்டு மீற்றர். எங்கே எப்போது விழும் என்று துல்லியமாகக் கணித்தார்கள்: இலங்கையின் தென்கரையிலிருந்து சுமார் நூறு கிலோமீற்றர் தள்ளி, முற்பகல் 11.48 மணிக்கு. தெற்கே மீனவர்களைக் கடலுக்குப் போக வேண்டாம் என்று நிறுத்தினார்கள். விஞ்ஞானிகள் விமானத்தில் வந்து, மேகத்துக்கு மேலே போய் அது எரிவதைப் படம் பிடித்தார்கள். கீழே இருந்த நமக்கு நவம்பர் மழைமேகம் மறைத்துவிட்டது. 1998இல் நிலவுக்குப் போன லூனார் புரொஸ்பெக்டர் என்ற கலத்தைத் தள்ளிவிட்ட ரொக்கெட்டின் துண்டுதான் அது என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். அப்படியானால் பதினேழு வருடம், உரிமை கொண்டாட ஆளில்லாமல், பூமியைச் சுற்றி நிலவுக்கும் அப்பால் வரை அலைந்து திரிந்து கடைசியில் நம் வாசலில் வந்து விழுந்திருக்கிறது.

மேகா-ட்ராபிக்ஸ் இப்படி விழவில்லை. அது இறங்கியது. விழுவதற்கும் இறங்குவதற்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லத்தான் இத்தனை பீடிகை.

அது ஏன் நமக்கு உறவு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தோட்டத்து ஸ்டோருக்குப் பக்கத்தில், கம்பி வேலிக்குள் ஒரு செப்புக் குழாய் நட்டு வைத்திருந்தார்கள். காலையில் பெரட்டு முடிந்ததும் கந்தோரிலிருந்து ஒருவர் வந்து அதைத் திறப்பார். உள்ளே இருக்கும் தண்ணீரை ஒரு கண்ணாடி அளவையில் ஊற்றுவார். கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்துக் கொப்பியில் எழுதுவார். பிறகு அந்தத் தண்ணீரைப் புல்லில் கொட்டிவிட்டுப் போய்விடுவார். எனக்கு அது பூசை மாதிரி இருக்கும். அளந்துவிட்டு ஏன் கொட்ட வேண்டும் என்று எங்கள் ஐயாவிடம் கேட்டேன். "அவருக்கு வேண்டியது தண்ணி இல்லடா, கணக்கு" என்றார். பெருந்தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக மழைக்குக் கணக்கு இருந்தது. எந்த மாதம் எத்தனை அங்குலம் என்பது கந்தோரில் இருக்கும். மழையில் படங்கு கட்டி, தலையில் கொங்காணி போட்டுக் கொழுந்தெடுத்த அம்மாமாருக்கு அந்தக் கணக்கை யாரும் வாசித்துக் காட்டியதில்லை.

நம் ஊவாவின் மழை மற்ற மலைநாட்டு மழை மாதிரி இல்லை. ஹட்டன் பக்கம் மே, ஜூனில் தென்மேல் பருவமழை கொட்டும்போது இங்கே கச்சான் காற்று காய்ச்சி எடுக்கும். அந்தக் காய்ச்சலில் வருவதுதான் ஊவாத் தேயிலையின் மணம். நமக்கு மழை ஒக்டோபரில் இடியோடு ஆரம்பிக்கும். பிற்பகலில் மேகம் திரண்டு, இரண்டு மணி நேரத்தில் ஒரு மலையில் கொட்டி அடுத்த மலையை நனைக்காமல் போய்விடும். பிறகு வடகீழ்ப் பருவமழை. இப்படி மணிக்கு மணி மாறும் மழையை மேலிருந்து எப்படிப் பிடிப்பது?

துருவத்துக்குத் துருவம் சுற்றும் செய்மதிகள் ஓர் ஊருக்கு மேலே நாளைக்கு இரண்டு தடவைதான் வரும். காலையில் வந்து வெறும் வானத்தைப் பார்த்துவிட்டுப் போனால் பிற்பகல் இடிமழை அதற்குத் தெரியவே தெரியாது. அதனால் இந்தியாவின் இஸ்ரோவும் பிரான்சின் விண்வெளி நிறுவனமும் சேர்ந்து வேறு மாதிரி யோசித்தன. பூமியின் நடுக்கோட்டுக்கு இருபது பாகை மட்டுமே சாய்த்து ஒரு செய்மதியைச் சுற்ற விட்டால், அது வடக்கே இருபது பாகைக்கும் தெற்கே இருபது பாகைக்கும் நடுவிலேயே போய் வரும். நாம் ஏழாவது பாகையில் இருக்கிறோம். பூமியிலிருந்து 867 கிலோமீற்றர் உயரம், 102 நிமிடத்துக்கு ஒரு சுற்று, நாளைக்குப் பதினான்கு சுற்று. வெப்பமண்டலத்து ஊர் ஒன்றை ஒரே நாளில் பல தடவை எட்டிப் பார்க்கலாம். வடமொழியில் மேகம், பிரெஞ்சு மொழியில் வெப்பமண்டலம், இரண்டையும் சேர்த்து மேகா-ட்ராபிக்ஸ் என்று பெயர் வைத்தார்கள்.

2011 ஒக்டோபர் 12 முற்பகல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. ரொக்கெட் அதை ஏற்றிச் சென்றது. ஆயிரம் கிலோ எடை. அதே ரொக்கெட்டில் சென்னைக்குப் பக்கத்து எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழக மாணவர்கள் செய்த பதினொரு கிலோச் செய்மதி ஒன்றும் போனது. பெரிய கலத்தில் இருந்த ஒரு கருவியின் பெயரைக் கேட்டால் சிரிப்பீர்கள்: மெட்ராஸ். மழையையும் வளிமண்டலத்தையும் நுண்ணலை கொண்டு ஆராயும் கருவி என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைக் கூட்டினால் அப்படி வரும். யாரோ ஆசையோடு உட்கார்ந்து கூட்டியிருக்கிறார்கள்.

அது மழையை எப்படிப் பார்க்கிறது? கடலும் காற்றும் மேகமும் எல்லாமே கண்ணுக்குத் தெரியாத நுண்ணலைகளைச் சதா வெளிவிட்டுக்கொண்டே இருக்கின்றன. மழைத்துளி நிறைந்த மேகம் சில அலைகளைக் கூட்டிக் காட்டும். மேகத்தின் உச்சியில் பனிக்கட்டி இருந்தால் வேறு சில அலைகளைச் சிதறடித்துக் குறைத்துக் காட்டும். இந்தக் கூடுதல் குறைவைப் படித்தால் மேகத்தின் உள்ளே எவ்வளவு நீர், எவ்வளவு பனி என்று கணக்கிடலாம். ஸ்டோரில் ஈரக் கொழுந்தை உள்ளங்கையில் அமுக்கிப் பார்த்தே எவ்வளவு வாடியிருக்கிறது என்று சொல்லுகிறவர்கள் நம்மிடையே உண்டு. அந்த மாதிரி ஒரு கை.

மெட்ராஸ் கருவியின் சுழலும் பகுதியில் கோளாறு வந்து 2013இல் அது நின்றுபோனது. கருவியின் பெயரே அதுவாக இருந்ததால், செய்தியை வாசித்தபோது எனக்குச் சொந்த ஊரில் ஏதோ ஆனது மாதிரி இருந்தது. ஆனால் காற்றின் ஈரத்தை அளக்கும் சஃபீர் என்ற கருவி தொடர்ந்து வேலை செய்தது. மூன்று வருடத்துக்கென்று அனுப்பிய கலம், 2021 வரை தகவல் தந்தது.

சொந்த ஊர் என்றேன். கொஞ்சம் விளக்க வேண்டும். இந்திய விண்வெளித் திட்டம் 1963 நவம்பர் 21 அன்று கேரளத்துத் தும்பாவில் தொடங்கியது. மீனவர் கிராமம். அங்கிருந்த தேவாலயமும் ஆயர் வீடும்தான் முதல் ஆய்வுக்கூடங்கள். அன்று ஏவியது அமெரிக்காவில் செய்த சின்ன ரொக்கெட். அந்தக் குழுவில் இருந்த இளைஞர்களில் ஒருவர் அப்துல் கலாம். இராமேஸ்வரத்துக்காரர். இரண்டாம் உலக யுத்த காலத்தில் இராமேஸ்வரம் ஸ்டேசனில் ரயில் நிற்காமல் போனதால், ஓடும் ரயிலிலிருந்து வீசும் பத்திரிகைக் கட்டுகளைச் சிறுவன் கலாம் பொறுக்கியெடுத்துக் கொடுத்த கதை உங்களுக்குத் தெரியும். அந்த ரயில் எங்கே போகிற ரயில்? தனுஷ்கோடிக்கு. அங்கிருந்து கப்பலில் தலைமன்னார். அங்கிருந்து மலைநாடு. நம் பாட்டன் பூட்டன் தமிழ்நாட்டிலிருந்து தோட்டங்களுக்கு வந்த அதே பாதை. ஒரே தண்டவாளத்தின் ஓரத்தில் ஒரு பிள்ளை பத்திரிகைக் கட்டுப் பொறுக்கினான், அதே தண்டவாளத்தில் நம்மவர்கள் தகரப் பெட்டியோடு உட்கார்ந்து போனார்கள்.

தும்பாவில் முதல் ரொக்கெட் பறந்து பதின்மூன்று மாதத்தில், 1964 டிசம்பரில், புயல் வந்து தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து போன ரயிலைப் பயணிகளோடு கடல் கொண்டுபோனது. அதற்கு இரண்டு மாதத்துக்கு முன்புதான் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. இந்தியாவுக்குத் திரும்பிப் போக வேண்டும் என்று நம்மில் லட்சக்கணக்கானோருக்கு விதித்த அதே வருடத்தில், திரும்பிப் போகிற பழைய வழியும் கடலுக்குள் போய்விட்டது. அந்தக் கரையில் பிறந்தவர் வழிநடத்தி 1980 ஜூலை 18 அன்று எஸ்.எல்.வி.-3 ரொக்கெட் ரோகிணியைச் சுற்றுப்பாதையில் வைத்தபோது, என் வகுப்பாசிரியர் கரும்பலகையில் பெரிய எழுத்தில் 'இராமேஸ்வரம்' என்று எழுதினார். வேறொன்றும் சொல்லவில்லை.

இன்னொன்று. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கு நோக்கித் துருவப் பாதைக்குப் போகும் ரொக்கெட், நேராகப் போனால் இலங்கைக்கு மேலே பறக்க வேண்டி வரும். ஏதாவது நடந்தால் துண்டுகள் நம் தலையில் விழும். அதனால் முதலில் விலகிப் பறந்து, பிறகு திரும்பித் தன் பாதைக்குப் போகிறது. அதற்கு எரிபொருள் கூடுதலாகச் செலவாகும், சுமக்கும் எடை குறையும். இனித் தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரன்பட்டினத்தில் அமையவிருக்கும் ஏவுதளம் இந்த வளைவைத் தவிர்க்கத்தான். இத்தனை வருடமும் நம் தீவைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள், தெமோதரை ரயில் மாதிரி.

இப்போது கனமான இடத்துக்கு வருகிறேன்.

2014 ஒக்டோபர் 29, புதன்கிழமை. மேகா-ட்ராபிக்ஸ் மேலே ஏறி மூன்று வருடமும் சில நாளும் ஆகியிருந்தது. நம் பதுளை மாவட்டத்தில், கொஸ்லந்தை மீரியபெத்தையில், காலை ஏழரை மணியளவில் மலை இறங்கியது. லயங்கள் இருந்த இடத்தில் சேறுதான் இருந்தது. காலையிலேயே பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, வீட்டில் இருந்தவர்களும் இல்லை. சிலரின் உடல் கடைசி வரை கிடைக்கவேயில்லை. அந்த இடம் ஆபத்து என்று பல வருடத்துக்கு முன்பே சொல்லப்பட்டிருந்தது. சொன்னதற்கும் மக்களை இடம் மாற்றுவதற்கும் நடுவில் வருடங்கள் ஓடிவிட்டன. போகச் சொன்னால் எங்கே போவது? லயத்துக் காம்பராவைத் தவிரச் சொந்தமாக ஒரு பேர்ச் காணி இல்லாதவர்களுக்கு அந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது.

நான் அன்றைக்கு அங்கே போனவர்களில் ஒருவன். பார்த்ததைப் பிள்ளைகள் முன்னால் சொல்ல மாட்டேன். திரும்பி வந்த இரவில் என்னைக் குடைந்தது ஒரு கேள்விதான். தலைக்கு மேலே நாளைக்குப் பதினான்கு சுற்று ஒரு கண் போய் வருகிறது. அதற்கு நம் மழை தெரியும். பிறகு ஏன்?

பதிலைத் தேடிப் படித்தபோது என் கோபம் திசை மாறியது. அந்தக் கண்ணில் மெட்ராஸ் முந்திய வருடமே நின்றுபோயிருந்தது. மிச்சமிருந்த சஃபீர் பார்ப்பது காற்றின் ஈரத்தை. சஃபீர் கருவியின் ஒரு புள்ளி, மிகக் கூர்மையாகப் பார்க்கும்போதே, பத்துக் கிலோமீற்றர் அகலம். அந்த ஒரு புள்ளிக்குள் இந்த ஸ்டேசன், சுரங்கம், ஒன்பது வளைவுப் பாலம், சுற்றியிருக்கிற தோட்டம் எல்லாம் அடங்கிவிடும். பணிய லயத்துக்குப் பின்னால் மண்ணில் விட்ட வெடிப்பு அதற்குத் தெரியாது. பீலித் தண்ணீர் திடீரென்று கலங்கியது தெரியாது. கான் வெட்டாமல் அடைத்துக் கிடப்பது தெரியாது. அது தெரிகிறவர்கள் லயத்தில் இருக்கிறார்கள். மேலே இருக்கும் கண்ணுக்கும் கீழே இருக்கும் கண்ணுக்கும் நடுவில் பேச்சில்லை. எங்கள் தோட்டத்துச் செப்புக் குழாய்க் கணக்கு மாதிரியேதான், எங்கேயோ எழுதியிருக்கிறது, வாசித்துக் காட்ட ஆளில்லை.

ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் என்ன? ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு லீற்றர் தண்ணீர். ஒரு ஹெக்டேயரில் பத்துத் தொன். நூறு மில்லிமீற்றர் பெய்தால் ஒரு ஹெக்டேயர் மலையில் ஆயிரம் தொன் தண்ணீர் வந்து இறங்குகிறது. அது ஓடிப் போக வழி இருந்தால் ஓடும். இல்லையென்றால் மண்ணுக்குள் புகுந்து, மண்துகள்களுக்கு நடுவில் நிறைந்து, ஒன்றையொன்று பிடித்திருந்த துகள்களைத் தள்ளி விலக்கும். அப்போது மலைக்குத் தன்னைத் தானே பிடித்துக்கொள்ள முடியாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இதற்குக் கணக்கு வைத்திருக்கிறது: இருபத்துநான்கு மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பாக இரு, 100 தாண்டினால் ஆயத்தமாகு, 150 தாண்டினால் வெளியேறு. மூன்று எண்கள். பிள்ளைகளே, வாய்ப்பாடு மாதிரி இதை மனப்பாடம் செய்யுங்கள்.

இனி அந்தக் கலத்தின் கடைசி நாட்கள்.

2021க்குப் பிறகு அதற்கு வேலை இல்லை. அப்படியே விட்டிருக்கலாம். 867 கிலோமீற்றர் உயரத்தில் காற்று இல்லாத குறைதான், இழுத்துக் கீழே கொண்டுவர நூறு வருடத்துக்கு மேலாகும். நூறு வருடமும் நொடிக்கு ஏழு கிலோமீற்றருக்கு மேல் வேகத்தில், பேச்சற்ற ஒரு தொன் இரும்பாகச் சுற்றிக்கொண்டிருக்கும். நம் பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் அனுப்பும் கலத்தில் மோதினாலும் மோதும். வேலை முடிந்த செய்மதி இருபத்தைந்து வருடத்துக்குள் கீழே வந்துவிட வேண்டும் என்று உலக விண்வெளி நிறுவனங்கள் தமக்குள் ஒரு முறை வைத்திருக்கின்றன. ஆனால் மேகா-ட்ராபிக்ஸ் அப்படிக் கட்டுப்பாட்டோடு இறங்குவதற்கென்று செய்த கலம் இல்லை.

அதன் வயிற்றில் 125 கிலோ எரிபொருள் மிச்சம் இருந்தது. இது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. அந்த மிச்சத்தை என்ன செய்வது என்று உட்கார்ந்து யோசித்தார்கள். எதற்காகச் செய்யப்படவில்லையோ அந்த வேலைக்கு அந்தப் பழைய கலத்தைப் பழக்கினார்கள்.

2022 ஓகஸ்டில் தொடங்கினார்கள். தெமோதரைப் பாடம் இங்கேதான் வருகிறது. சுற்றிக்கொண்டிருக்கும் பொருளை நேராகக் கீழே போட முடியாது. பாதையின் ஒரு பக்கத்தில் சற்றே வேகத்தைக் குறைத்தால், மறுபக்கத்தில் பாதை தாழும். திரும்பி வந்ததும் இன்னொரு தடவை குறை, இன்னும் தாழும். இப்படி, கடைசி நாள் எரிப்புகளையும் சேர்த்து, இருபது தடவை. சுற்றும்போதே இறக்கி, ஒரு பக்கத்தை மெல்ல மெல்லத் தாழக் கொண்டுவந்தார்கள். இருபதுக்கும் சேர்த்து ஏறக்குறைய 120 கிலோ எரிபொருள் செலவானது.

கடைசி நாள் மார்ச் 7, செவ்வாய்க்கிழமை. முந்திய நாள் மெதின் பௌர்ணமிப் போயா. நான் வீட்டு வாசலில் கதிரை போட்டுக் கைப்பேசியோடு உட்கார்ந்திருந்தேன். பிற்பகல் 4.32க்கு முதல் எரிப்பு. நான்கு சின்ன இயந்திரங்கள், ஒவ்வொன்றுக்கும் பதினொரு நியூட்டன் விசை. நான்கையும் கூட்டினால் நாலரைக் கிலோப் பாரம் அழுத்துகிற அழுத்தம். ஒரு நாள் முழுச் சம்பளத்துக்குப் பதினெட்டுக் கிலோக் கொழுந்து கேட்கிறார்களே, அதில் கால்பங்கு. ஆயிரம் கிலோக் கலத்தை வானத்திலிருந்து இறக்கியது அந்தக் கால்பங்கு அழுத்தம்தான், விடாமல் இருபது நிமிடம்.

பிறகு ஒரு சுற்று. 6.21க்கு இரண்டாவது எரிப்பு, அதுவும் இருபது நிமிடம். அப்போது மலைக்குப் போன பெண்கள் கூடையோடு வீடு திரும்பி வெகுநேரம். அடுத்த லயத்து அக்கா தண்ணீர் எடுக்க வந்தவர் நின்று என்னைப் பார்த்தார்.

"என்ன சேர், எழவு வீட்டுல உக்காந்திருக்கிற மாதிரி இருக்கீங்க? யாருக்கு என்ன?"

"ஒரு செய்மதி இறங்குதுங்கக்கா. நம்ம மழையெல்லாம் பார்த்துக்கிட்டிருந்தது. இன்னையோட முடியுது."

"எங்க எறங்குது?"

"பசிபிக் கடல்ல. மனுசர் இல்லாத இடமாப் பார்த்து இறக்குறாங்க."

குடத்தை இடுப்பில் மாற்றிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அவருடைய தங்கை குடும்பம் மீரியபெத்தையில் இருந்தது.

"வானத்துல இருக்கிறதக் கூட மனுசர் இல்லாத எடமாப் பார்த்து எறக்க முடியுது" என்றார். அவ்வளவுதான். குடத்தோடு போய்விட்டார்.

அந்த வாக்கியத்தை நான் ஏழு மாதமாகச் சுமக்கிறேன். அவர் யாரையும் திட்டவில்லை. முடியும் என்று தெரிந்துகொண்டார், அதைச் சொன்னார்.

கிழக்கு மலைக்கு மேலே முழுநிலா ஏறிக்கொண்டிருந்தது. கலம் எண்பது கிலோமீற்றருக்குக் கீழான பாதையில் காற்றுக்குள் நுழைந்து, பசிபிக் சமுத்திரத்துக்கு மேலே, தெற்கே ஐந்து பாகைக்கும் பதினான்கு பாகைக்கும் நடுவில், கணித்த இடத்துக்குள்ளேயே உடைந்து எரிந்தது என்று இரவு செய்தி வந்தது. அங்கே அது எரிவதைப் பார்க்க மொட்டை மாடி இல்லை, கூட்டம் இல்லை. நானும் பார்க்கவில்லை. பதினொரு வருடமும் ஐந்து மாதமும் நம் தலைக்கு மேலே போய் வந்ததை ஒரு தடவையாவது கண்ணால் கண்டிருக்கிறேனா என்றால் அதுவும் இல்லை. ஆனால் எழுந்து, நிலா வந்த பக்கம் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். விஞ்ஞான ஆசிரியர் அப்படிச் செய்யலாமா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். பாடுபட்ட ஒன்று, தன்னிடம் மிச்சமிருந்ததையெல்லாம் யாருக்கும் தொல்லையில்லாமல் போவதற்கே செலவழித்துப் போனது. எங்கள் லயத்தில் அப்படிப் போனவர்களை நான் அறிவேன். அவர்களுக்கும் கும்பிட்டிருக்கிறேன்.

இந்த ஓகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலவில் இறங்கியதை எல்லாரும் பார்த்தோம். திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர் என்று கொண்டாடினோம், கொண்டாட வேண்டியதுதான். நம் நாட்டுப் பொறியியலாளர் இருவர் ஜப்பானில் இருந்து செய்த இராவணா-1, ஏறக்குறைய ஒரு கிலோ எடை, 2019 ஜூன் 17 அன்று சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து வெளியே விடப்பட்டது. அதுவும் சின்ன விஷயம் இல்லை. ஆனால் பிள்ளைகளே, ரொக்கெட்டுக்குக் காத்திருக்க வேண்டாம். மேலே இருந்த கண் ஒன்று மூடியிருக்கிறது. வேறு கண்கள் இருக்கின்றன, இன்னும் வரும். கீழே இருக்க வேண்டிய கண்ணைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

இந்த மேசையில் துணி மூடி வைத்திருப்பது என்ன என்று வந்ததிலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கிறீர்கள். மழைமானி. புதிதுதான், ஆனால் எங்கள் ஸ்டோர் பக்கத்துச் செப்புக் குழாயின் பேரப்பிள்ளை. நாளைக் காலை மண்டபத்துக்குப் பின்னால், மரமும் கூரையும் மறைக்காத இடமாகப் பார்த்து நட்டுவிடுவோம். ஒவ்வொரு நாளும் காலை 8.30க்கு அளக்க வேண்டும். வானிலை அவதான நிலையங்களில் அளக்கும் நேரம் அதுதான், நம் கணக்கும் அவர்கள் கணக்கோடு ஒத்துப் போக வேண்டும். பாடசாலை நாளில் அந்த நேரத்துக்கு உங்களால் வர முடியாது. அதனால் கிழமை நாட்களுக்குப் பிள்ளைக்காம்பராவில் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் அம்மாமார் இருவர் பொறுப்பெடுத்திருக்கிறார்கள். சனி, ஞாயிறு, லீவு நாள் உங்களுக்கு. அளந்த எண்ணைக் கொப்பியில் எழுதுவதோடு விடக் கூடாது. மண்டபத்து வாசல் கரும்பலகையில், தூரத்திலிருந்து தெரிகிற மாதிரி எழுத வேண்டும். பக்கத்தில் 75, 100, 150 என்ற மூன்று எண்ணும் நிரந்தரமாக இருக்கும்.

தீபாவளி இந்த வருடம் நவம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை. மழைக்காலத்தின் நடுவில் வருகிறது. அன்றைக்கு எண்ணெய்க் குளியல், புதுச்சட்டை, பலகாரம் எல்லாம் இருக்கும். எட்டரைக்கு யார் வருவது என்பதை மட்டும் இப்போதே பேசிக்கொள்வோம். வருகிறவர்கள் கையைத் தூக்குங்கள், பெயரை எழுதிக்கொள்கிறேன்.